அடியில் இருக்கிற மாம்பழம்

என் மனைவிக்குப் பக்கவாதம் வந்தது ஒரு காலை நேரத்தில். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் ஒரேயடியாகப் போயின. ஆஸ்பத்திரியிலிருந்து மும்பை செம்பூரில் இருக்கிற எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தபோது காலில் கொஞ்சம் தெம்பு திரும்பியிருந்தது. கம்பை ஊன்றி மெல்ல நடப்பாள். பேச்சில் "தா", "வேணாம்" என்று ஒன்றிரண்டு சொற்கள் மிஞ்சியிருந்தன. நாங்கள் நினைத்துப் பார்க்காத ஒன்றும் போயிருந்தது. அவளால் தண்ணீரை விழுங்க முடியவில்லை.

குழைத்த சோறு இறங்கும். தண்ணீர் மட்டும் வயிற்றுக்குப் போகாமல் நுரையீரலுக்குப் போய்விடும். விழுங்கச் சொல்லிக்கொடுக்க ஆஸ்பத்திரியில் ஒரு மராத்திப் பெண் இருந்தாள். என் மகளைவிடச் சின்னவள். "பானி பில்குல் நஹி, காகா" என்றாள். ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கூடாது. டீ, ரசம், மோர் எதுவானாலும் ஒரு வெள்ளைப் பொடியைப் போட்டுக் கலக்கி, கரண்டியிலிருந்து தேன் மாதிரி ஒழுகுகிற பதத்தில்தான் கொடுக்க வேண்டும்.

அப்படிக் கலக்கிய டீயை வீட்டில் முதல் தடவை ஊட்டியபோது அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் எனக்குள் இருக்கிறது. இருபத்தைந்து வருஷமாக எனக்கு டீ போட்டுக் கொடுத்தவள். பசை மாதிரி இருந்த அதை நாக்கால் வெளியே தள்ளிவிட்டாள்.

நான் டிராம்பேயில் ஒரு காண்டிராக்டரிடம் ஃபிட்டர். பகலில் பக்கத்து வீட்டு அக்கா வந்து, சமைத்து வைத்து, அவளோடு இருப்பார். வேலை முடிந்து பஸ் பிடித்து வந்ததும் நான் பார்த்துக்கொள்வேன். அவள் முன்னால் தண்ணீர் குடிக்க எனக்கு மனசு வராது. சமையலறைக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் குடிப்பேன்.

கல்யாணில் இருக்கிற மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் ரயிலேறி வருவாள். மாம்பழம் வந்த சமயம், போனில் ஒரு வீடியோ காட்டினாள். கண்ணாடித் தம்ளரில் மூன்று நிறம், அடுக்கடுக்காக, ஒன்றோடொன்று கலக்காமல் நின்றது. "யம்மா, பாரேன். மாக்டெயிலாம். அடியில மாம்பழம், நடுவுல ஆரஞ்சு, மேல கோகம். எது கெட்டியோ அது கீழ நிக்கும்."

அவள் இடது கையால் போனை வாங்கி, மறுபடியும் மறுபடியும் ஓட்டிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, "தா" என்றாள்.

நான் அதுவரை வெந்நீர்கூட ஒழுங்காகப் போட்டதில்லை. ஸ்டேஷன் பக்கத்து மார்க்கெட்டில் மாம்பழமும் ஆரஞ்சும் கோகம் என்கிற புளிப்புச் சிவப்புப் பழத்தின் சர்பத் ஒரு பாட்டிலும் வாங்கி வந்தேன். மாம்பழத்தைச் சர்க்கரை போட்டு மிக்ஸியில் அடித்து, நார் இல்லாமல் வடிகட்டித் தம்ளரில் விட்டேன். மேலே ஆரஞ்சு ஜூஸை ஊற்றினேன், வாளியில் ஊற்றுகிற மாதிரி. எல்லாம் ஒன்றாகக் கலங்கிச் சேற்று நிறமானது. அவள் சிரித்தாள். வாயின் இடது பக்கம் மட்டும் மேலே ஏறிய சிரிப்பு. ஆஸ்பத்திரிக்குப் பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

அடுத்த தம்ளருக்கு நாற்காலியைச் சமையல் மேடைப் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவளே சொல்லிக்கொடுத்தாள். வாயால் இல்லை, கையால். ஸ்பூனைக் கவிழ்த்துப் பிடி. தம்ளர் சுவரில் ஒட்டி வை. அதன் முதுகில் மெதுவாக ஊற்று. நான் கொஞ்சம் வேகமாக ஊற்றினால் என் முழங்கையில் ஒரு தட்டு விழும். கடைசியில் தண்ணீர் சேர்த்த கோகம் மேலே சிவப்பாக நின்றது. மூன்று நிறமும் பிரிந்து நின்றதும் மகள் கைதட்டினாள். நான் உண்மையாகவே பெருமைப்பட்டேன்.

குடிப்பது எப்படி என்பதுதான் கேள்வி. மேலே இருப்பது தண்ணீராக ஓடும், அவளுக்கு ஆகாது. அடியில் இருக்கிற மாம்பழம் ஆகும். மராத்திப் பெண்ணுக்குப் போன் போட்டுக் கேட்டேன். ஐஸ் போடாதீர்கள், மாம்பழத்தின் மேல் நிற்கிற ஜூஸை ஸ்பூனால் முழுக்க எடுத்துவிடுங்கள், பிறகு கொடுக்கலாம் என்றாள். அதனால் முதலில் நான் ஸ்ட்ரா வைத்துச் சிவப்பையும் ஆரஞ்சையும் உறிஞ்சிக் குடிக்க வேண்டும். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்ட்ராவை வாயில் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தேன்.

"நீ பாத்துக்கிட்டு இருக்கும்போது நான் எப்படிட்டி குடிக்க?" என்றேன்.

அவள் தம்ளரை இடது கையால் என் பக்கம் தள்ளினாள். குடித்தேன். மிச்ச ஜூஸை வழித்து எடுத்தேன். மாம்பழத்தைச் சின்ன ஸ்பூனால் அவள் வாயில் வைத்தேன். நாடியை நெஞ்சோடு சேர்த்துக் குனிந்து விழுங்கினாள். அதுதான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்த முறை. தம்ளர் காலியாகும் வரை வாயைத் திறந்துகொண்டே இருந்தாள்.

அந்தக் கோடை முழுக்க ஞாயிற்றுக்கிழமை இதுதான் எங்கள் வேலை. ஒரு தம்ளர், இரண்டு பேர். கல்யாணமான புதிதில்கூட நாங்கள் ஒரே தம்ளரில் குடித்ததில்லை.

ஒரு ஞாயிறு நான் ஸ்ட்ராவை எடுக்கும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். சிவப்பைக் காட்டினாள். "தா."

"அது ஆகாதுன்னு சொல்லியிருக்காங்கல்லா."

"தா."

"ஒரு ஸ்பூன் குடுத்தாத்தான் என்னப்பா?" என்றாள் மகள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

கொடுக்கவில்லை. என் மனைவி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். மறுவாரம் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே மிஷின் முன்னால் உட்கார வைத்து விழுங்கச் சொல்லிப் பார்த்தார்கள். திரையில் எனக்கும் தெரிந்தது. தண்ணீர் ஒரு கோடாக மூச்சுக்குழலுக்குள் இறங்கியது. அவளுக்கு இருமல்கூட வரவில்லை. இருமல் வராததுதான் ஆபத்து, உள்ளே போவதே யாருக்கும் தெரியாது என்றாள் மராத்திப் பெண். வீட்டுக்கு வந்து கோகத்தில் பொடியைக் கலந்து கொடுத்தேன். கெட்டியாகிப்போன அதை ஒரு ஸ்பூன் வாங்கி அப்படியே துப்பினாள்.

"தண்ணி" என்றாள். அந்தச் சொல் அவள் வாயில் அவ்வளவு தெளிவாக வந்தது எனக்கு அதிர்ச்சியாக இருந்தது.

மழை தொடங்கிய நாளில் நான் வேலைக்குப் போயிருந்தேன். பக்கத்து வீட்டு அக்கா காய்கிற துணியை எடுக்க ஓடியிருக்கிறார். அந்த நேரத்தில் இவள் எழுந்து, கம்பை ஊன்றிப் போய், ஃபிரிட்ஜைத் திறந்து, பாட்டிலை அப்படியே வாயில் கவிழ்த்துக் குடித்திருக்கிறாள். நான் வந்தபோது நைட்டியின் முன்பக்கமெல்லாம் ஈரம். பாட்டில் மடியில் கிடந்தது.

"தண்ணி குடிச்சியா?"

தலையாட்டினாள். பிறகு, நிறுத்தி நிறுத்தி, "நல்லா இருந்துச்சு" என்றாள்.

திட்ட வேண்டும் என்றுதான் நினைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து துண்டால் கழுத்தைத் துடைத்துவிட்டேன். நைட்டியை மாற்றினேன்.

அந்த வாரத்துக்குள் காய்ச்சல் வந்தது. நிமோனியா என்றார்கள். ஆஸ்பத்திரியில் மூக்கு வழியாக ஒரு குழாயை இறக்கினார்கள். இனி எல்லாம் அதன் வழியாகத்தான், வாயில் எதுவும் வேண்டாம் என்றார்கள். அப்படியே வீட்டுக்கும் கூட்டி வந்தோம். சத்து மாவுக் கரைசலைச் சிரிஞ்சில் எடுத்துக் குழாயில் நான் மெதுவாக விடும்போது, அவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். மாம்பழக் காலமும் போய்விட்டது. ஞாயிறு வந்தால் மகள் அம்மாவின் கால்மாட்டில் உட்கார்ந்து பாதத்தைத் தேய்த்துவிடுவாள். யாரும் அந்தத் தம்ளரைப் பற்றிப் பேசவில்லை.

கணபதி விழாவுக்குத் தெருவில் மேளம் அடித்துக்கொண்டிருந்த நாட்களில் மறுபடியும் காய்ச்சல் வந்தது. இந்தத் தடவை டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றார். அவர் சொன்னது புரிந்தது. தாராவியிலிருந்து அவளுடைய அண்ணன் வந்தார். மூச்சு வாங்க ஆரம்பித்த சாயங்காலம், அவர் என் தோளைத் தொட்டார். "மாப்ளே, வாயில ரெண்டு சொட்டுத் தண்ணி விடுங்க."

அத்தனை மாதமும் எது வேண்டாம் என்று அவளிடமிருந்து தள்ளிப் பிடித்தேனோ அதையே கேட்கிறார். மகள் சொம்பை என் கையில் வைத்தாள். ஸ்பூனில் எடுத்து உதட்டில் விட்டேன். கொஞ்சம் உள்ளே போயிற்று, கொஞ்சம் கன்னத்தில் வழிந்தது. மகள் விட்டாள். அண்ணன் விட்டார். இருட்டுவதற்குள் முடிந்துவிட்டது.

காரியமெல்லாம் முடிந்து ஊர்க்காரர்கள் போன பிறகு, கல்யாணுக்கு வந்துவிடு என்று மகள் அழுதாள். கொஞ்ச நாள் இங்கேயே இருக்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். மறுநாள் மத்தியானம் போன் அடித்தது. மராத்திப் பெண். அடுத்த பரிசோதனைக்கு எப்போது அழைத்து வருகிறீர்கள் என்று கேட்டாள். அவளுக்கு யாரும் சொல்லவில்லை போல.

எனக்கு ஹிந்தியில் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. போய்விட்டாள் என்று மட்டும் சொன்னேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு, "காகா, நீங்க சாப்பிட்டீங்களா?" என்றாள், அவள் மொழியில்.

சாப்பிட்டேன் என்றேன். சாப்பிட்டிருக்கவில்லை. போனை வைத்துவிட்டு எழுந்து, ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி போட வேண்டும் என்று தெரியாமல், ஒரு குத்து அள்ளிக் களைந்து உலையில் போட்டேன்.