அக்காவும் அவருடைய மாணவி அஞ்சலையும்

அக்காவைப் பற்றி ‘இருந்தார்’ என்று எழுத என் கை இன்னும் பழகவில்லை. முப்பது நாள் ஆகிவிட்டது.

அன்று காலை முதுநகரில் பஸ் ஏறும்போது, சாயங்காலம் மீன் வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். பதினோரு மணிக்கு முன்பே, சிதம்பரத்தில் அவர் வேலை பார்த்த பயிற்சி நிலையத்திலிருந்து போன். “சார், டீச்சர் கீழ வுழுந்துட்டாங்க. ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க.” வழுக்கி விழுந்திருப்பார், கால் எலும்பு முறிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். நான் போய்ச் சேர்ந்தபோது முகத்தை மூடியிருந்தார்கள்.

துறைமுகத்தில் மூட்டை தூக்கிய எங்கள் அப்பாவுக்கு மூத்த மகளாக முதுநகரில் பிறந்தார் அக்கா. அப்பா தவறியபோது அவருக்குப் பதினாறு வயது. ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் பிரிவில் அவர் ஒருவர்தான் பெண். படித்து முடித்தும் பெண்ணுக்கு அந்த வேலையைத் தரப் பலர் தயங்கினார்கள். வயரிங் கான்ட்ராக்டர் ஒருவரிடம் ஏணி பிடிப்பதில் தொடங்கி, சிப்காட் பக்கம் பல ஆண்டுகள் உழைத்து என்னைப் படிக்கவைத்தார். தனக்கென்று ஒரு குடும்பம் தேடிக்கொள்ளவில்லை. பிறகுதான் சிதம்பரத்தில் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் ஆசிரியை ஆனார்.

கீரப்பாளையம் பக்கத்து இருளர் குடியிருப்பிலிருந்து பிள்ளைகளைச் சேர்க்க அவர் நடையாய் நடந்தார். சாதிச் சான்றிதழ் இல்லாமல் நின்றவர்களுக்காக அலுவலகம் அலுவலகமாக அலைந்தார். அஞ்சலை என்ற பெண்ணைக் கேட்டுப் போனபோது அவளுடைய அப்பா, “எங்க வூட்லயே கரண்டு இல்ல. இவ கரண்டு வேல கத்துக்கிட்டு இன்னா பண்ணப் போறா?” என்றாராம். அக்கா அன்று திரும்பிவிட்டார். மறுநாள் மின் இணைப்புக்கு மனு எழுதி எடுத்துக்கொண்டு அதே வீட்டுக்குப் போனார். பல மாதம் கழித்து அந்த வீட்டுக்கு வயரிங் செய்தவள் அஞ்சலைதான். அக்கா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டார்.

ஷாக் அடித்து விழுந்தவருக்கு நெஞ்சை அழுத்தி உயிர் மீட்கும் முறையை அக்கா தன் மாணவர்கள் எல்லாருக்கும் கற்றுத்தருவார். அன்று பாடம் நடத்திக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தபோது, ஆம்புலன்ஸ் வரும்வரை விடாமல் அழுத்தியது அஞ்சலை. மாரடைப்பு.

இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆஸ்பத்திரி வாசலில் வியர்த்து நின்ற அந்தப் பெண்ணிடம் நான், “ஒழுங்கா அமுக்கினியா?” என்று கேட்டுவிட்டேன். அவள் அங்கிருந்து போய்விட்டாள். அடக்கத்துக்கும் வரவில்லை. வகுப்புக்கும் போகவில்லை என்பது இரண்டு வாரம் கழித்துத்தான் தெரிந்தது.

டாக்டரைப் போய்ப் பார்த்தேன். அந்தப் பெண் செய்தது சரி, அடைப்பு பெரியது, யாராலும் காப்பாற்றியிருக்க முடியாது என்றார். அதைச் சொல்லக் கீரப்பாளையம் போனேன். அஞ்சலை தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

“கை மரத்துப்போச்சி சார். ஆனா நான் நிறுத்தல.”

நான் மன்னிப்புக் கேட்டேன். அவளுடைய அப்பா எனக்கு டீ போடச் சொன்னார். அடுத்த திங்கட்கிழமை அவள் வகுப்புக்குப் போனாள்.

ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்கும், மருத்துவருக்கும், உடன் நின்ற பங்குத்தந்தைக்கும், பயிற்சி நிலையத்தாருக்கும், எங்களைத் தாங்கிய உங்கள் அனைவருக்கும் குடும்பத்தின் சார்பில் நன்றி. இன்றைய முப்பதாம் நாள் திருப்பலியில் முன்வரிசையில் எங்களோடு அஞ்சலையும் அவளுடைய பெற்றோரும் அமர்வார்கள். உறவினர்கள் அருள்கூர்ந்து அவர்களுக்கு இடம் விட்டு அமரவேண்டும்.

— தம்பி