குவெர்க்கு என்ற பெயர்

பால்காரி எட்டெல்வினா அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னதே இல்லை. சாகப்போகிறவரின் உருவத்திலேயே ஊருக்குள் நடமாடுவது குவெர்க்கு. அஸ்தூரியாஸ் மலையில் இதை அறியாதவர் கிடையாது.

“ரோமாக்காரங்களோட சாவுத் தெய்வம் ஓர்க்குஸ். அவங்க போயிட்டாங்க, பேரு நம்ம வாயில தேஞ்சு குவெர்க்கு ஆயிடுச்சு. இத்தாலியில ஓர்க்கோங்குறான். வெறும் பேருக்கா பயப்படுற?” என்று சிரித்தார் பாதிரியார் எலாடியோ.

மறுநாள் மழையில் அவர் பாலத்தைத் தாண்டிக் காட்டுப் பக்கம் போவதைப் பார்த்தாள்.

“குடை இல்லாமப் போறீங்களே சாமி?”

அவர் திரும்பவேயில்லை.

அங்கிருந்து நேரே போய், பால் ஊற்ற அவர் வீட்டுக் கதவைத் தட்டினாள். அவரே திறந்தார். அங்கியில் சொட்டு ஈரமில்லை.

“பேயறைஞ்ச மாதிரி நிக்கிறியே, யாரப் பாத்த?”

“யாரையும் இல்ல சாமி.”

பாத்திரம் வழிய வழிய ஊற்றினாள்.

“எதுக்கு இவ்வளவு? நாளைக்கும் வருவேல்ல?” என்றார் அவர்.