மாலூர் வரைக்கும் ஒரு சீட்டு

எங்கள் கடையில் நாற்காலிக்குப் பஞ்சமில்லை. எல்லாம் வாங்க வருகிறவர்களுக்கு. விற்கிற நாங்கள் நிற்க வேண்டும். பெங்களூர் சிவாஜிநகரில் இருக்கிற அந்த ஜவுளிக் கடையின் பட்டுப் பிரிவில் காலையில் நிற்க ஆரம்பித்தால், மதியம் சாப்பிடுகிற நேரம் போக, சாயங்காலம் வரை நின்றபடிதான். மடித்த புடவையை விரி, விரித்த புடவையை மடி. ஆள் வராத நேரத்திலும் சுவரில் சாயக் கூடாது, மேலே கேமரா இருக்கிறது. குறையாகச் சொல்லவில்லை. என் கால்களின் கதி தெரிந்தால்தான் நான் சொல்லப்போவது புரியும் என்பதற்காகச் சொல்கிறேன்.

வீடு மாரிகுப்பத்தில், தங்கச் சுரங்கம் இருந்த ஊரின் ஒரு மூலை. காலை ரயிலில் கஷ்டமில்லை. எங்கள் ஊரிலிருந்துதான் கிளம்புகிறது, இருட்டோடு இருட்டாகப் போய்ப் பிடித்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளலாம். திரும்புகிற ரயில்தான் ஆளைக் கொல்கிறது. நான் கண்டோன்மென்ட்டில் ஏறும்போது கால் வைக்க இடம் இருக்காது. மாலூரில்தான் கூட்டம் குறையும். பங்காருப்பேட்டை தாண்டிவிட்டால் காலை நீட்டிப் படுத்துக்கொண்டேகூடப் போகலாம், ஆனால் அதற்குள் வீடு வந்துவிடும்.

அந்த ரயிலில் எனக்குத் துணை இரண்டு பேர். ஒருவர் ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருக்கிறவர், எங்கள் ஊரிலேயே சாம்பியன் பக்கம் வீடு. என்னைவிட மூத்தவர், முழங்கால் வலிக்காரர், அக்கா என்று கூப்பிடுவேன். இன்னொருத்தி அதே ஊரில் ராபர்ட்சன்பேட்டைப் பெண், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, இன்னும் கல்யாணமாகவில்லை. இருவரும் சிட்டி ஸ்டேஷனிலேயே ஏறி எப்படியோ இரண்டு சீட்டுப் பிடித்துவிடுவார்கள். மூன்று பிடிக்க முடிந்ததே இல்லை.

என்னைப் பார்த்ததும் அந்தப் பெண் எழுந்துவிடுவாள். "நீங்க ஒக்காருங்கக்கா, நாள் பூரா நின்னுகினே இருந்திருப்பீங்க" என்பாள். நான் உட்கார மாட்டேன். திமிர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். முன்பு ஒருமுறை முன்பின் தெரியாத ஓர் அம்மா, "பாவம், கடையில நிக்கறவங்க" என்று சொல்லி எழுந்து எனக்கு இடம் கொடுத்தார். உட்கார்ந்தேன். மாலூர் வரைக்கும் அந்தப் 'பாவம்' என் மடியிலேயே ஏறி உட்கார்ந்திருந்தது. அன்றோடு சரி, யார் எழுந்தாலும் வேண்டாம் என்றுவிடுவேன். நீங்க ஒக்காருங்க, நீ ஒக்காரு என்று நாங்கள் இருவரும் பேசிக்கொண்டிருக்கும்போதே மூன்றாவது ஆள் யாராவது அந்தச் சீட்டில் உட்கார்ந்துவிடுவார். அப்புறம் இரண்டு பேருமே நிற்போம். அக்கா தலையில் அடித்துக்கொள்வார்.

ஒரு நாள் நான் ஏறியதும் அந்தப் பெண் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். எங்கள் ஊர் மேப். தெருக்கள் கோடு கோடாக இருந்தன, பெயர் ஒன்றையும் காணோம். எல்லாவற்றையும் அவளே அழித்திருந்தாள். ஓர் இடத்தில் மட்டும் சிவப்புப் புள்ளி.

"குயிஸ்க்கா. புள்ளி வெச்ச எடத்துல இன்னா இருக்குன்னு சொல்லணும். ஆளுக்கு ஒரு கேள்வி. கரெக்டா சொன்னா மாலூர் வரைக்கும் சீட்டு. கேக்கறவ சீட்டுல பைய வெச்சிட்டு நின்னுகினுதான் கேக்கணும். யார் தப்பா சொல்றாங்களோ அவங்க சீட்டு எனக்கு."

இது நியாயமாக இருந்தது. ஜெயித்தால் உட்காரலாம், யாருடைய தயவும் வேண்டாம். உள்ளுக்குள் குஷியாகிவிட்டேன். மாரிகுப்பத்தில் பிறந்து, மாரிகுப்பத்திலேயே கட்டிக்கொடுக்கப்பட்டு, அங்கேயே இருக்கிறவள் நான். எங்கள் ஊரில் எனக்குத் தெரியாத இடம் எது?

அக்காவுக்கு முதல் கேள்வி. புள்ளியைப் பார்த்தார், எந்தச் சர்ச் என்பதுவரை சொல்லிவிட்டார். எனக்கு வந்த புள்ளி ராபர்ட்சன்பேட்டையில் இருந்தது. பஸ் ஸ்டாண்டு என்றேன். மார்க்கெட்டாம். நின்றேன். மறுநாள் ஒரு தியேட்டரைச் சொன்னேன். அது கல்யாண மண்டபமாகிவிட்டதாம், ஊரே அங்கே சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறது. அதற்கு மறுநாளும் நின்றேன்.

போகப் போகக் கேள்விகள் சுலபமாகிக்கொண்டே வந்தன. எனக்கு எரிச்சல் வந்ததே அதனால்தான். ஒரு நாள் சயனைடு மேட்டின் மேலேயே புள்ளி வைத்தாள். தங்கத்தை எடுத்துக்கொண்டு அரைத்த மண்ணை மலையாகக் கொட்டிவைத்திருக்கிற இடம், எங்கள் ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். ஆனால் மேடு ஒன்றா இரண்டா? எந்தப் பக்கத்து மேடு என்று கேட்டாள். எதிர்ப்பக்கத்தைச் சொல்லிவிட்டு நின்றேன்.

கடைசியில் என் வீட்டுத் தெருமுனையிலேயே புள்ளியை வைத்தாள். எங்கள் தெரு என்பது வளைவைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. ரேஷன் கடை என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

"அது காலியாகி ரொம்ப நாளாச்சும்மா. இப்ப அங்க பேக்கரி கீது" என்றார் அக்கா, மெதுவாக.

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு எனக்குக் கிடைக்க வேண்டிய சீட்டில் உட்கார்ந்தாள். சிரிப்பை மறைக்கிறாள் என்று நினைத்தேன்.

அன்று மாலூர் வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு யோசித்தேன். இருட்டில் கிளம்புகிறேன், இருட்டில் திரும்புகிறேன். ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்குக் கண்ணை மூடிக்கொண்டு நடப்பேன், அக்கம்பக்கம் பார்த்து நடந்ததில்லை. செவ்வாய்க்கிழமை லீவு. துணி துவைத்து, வீட்டைக் கழுவி, மிச்ச நேரம் தூங்கிவிடுவேன். மார்க்கெட், ரேஷன், கரண்ட் பில் எல்லாம் வீட்டுக்காரர் பார்த்துக்கொள்கிறார், அவர் உள்ளூரிலேயே ஸ்கூல் வேன் ஓட்டுகிறார். பெங்களூரில் எனக்குத் தெரிந்தது கடைக்கும் ஸ்டேஷனுக்கும் நடுவில் இருப்பது. இங்கே தெரிந்தது ஸ்டேஷனுக்கும் வீட்டுக்கும் நடுவில் இருப்பது. மிச்சமெல்லாம் ரயில்தான். அழுகை வந்தது. கோபமும் வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை துணியை ஊறவைத்துவிட்டுச் செருப்பைப் போட்டேன்.

"எங்க கெளம்பிட்ட?" என்றார் வீட்டுக்காரர்.

"ஊரைப் பாக்க."

விஷயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "லீவு நாள்ல கால் நோவ சுத்தி, மத்த நாள்ல ஒக்கார எடம் புடிக்கப் போற. நல்லா கீது உன் கணக்கு" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. அதனாலேயே வேகமாகக் கிளம்பினேன்.

ராபர்ட்சன்பேட்டைக்குப் பஸ்ஸில் போய் அங்கிருந்து நடந்தேன். வெயிலில் கண் கூசியது, இவ்வளவு வெளிச்சத்தில் ஊரைப் பார்த்து நாளாகிவிட்டது. மார்க்கெட்டின் வாசல் நான் நினைத்த பக்கத்தில் இல்லை. கல்யாண மண்டபத்தைப் பார்த்தேன். என் பெண் சின்ன வயதில் படித்த பள்ளிக்கூடத்துக்குப் புது கேட் போட்டிருந்தார்கள், அவள் கல்யாணமாகி ஓசூருக்குப் போயே விட்டாள். முனிசிபாலிட்டி எங்கே, தபால் ஆபீஸ் எங்கே, எதற்குப் பக்கத்தில் எது என்று பரீட்சைக்குப் போகிறவள் மாதிரி முணுமுணுத்துக்கொண்டே நடந்தேன். இடையில் இரண்டு இடத்தில் படிக்கட்டில் உட்கார்ந்தேன். கடையாக இருந்தால் அதற்கும் வழியில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

கால் வீங்கித் திரும்பி வந்து, எங்கள் தெருமுனைப் பேக்கரியில் ஒரு டீ கேட்டேன். கல்லாவில் இருந்த அம்மா முதலில் கன்னடத்தில் விசாரித்தார், நான் தமிழில் பதில் சொன்னதும் தமிழுக்கு வந்தார்.

"எந்த ஊருங்க? யார் வூட்டுக்கு வந்திருக்கீங்க?"

கையை நீட்டி எங்கள் வீட்டைக் காட்டினேன்.

"வேன்காரர் வூட்டுக்கா?"

"ஆமா" என்றேன். விருந்தாளி மாதிரியே டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் கண்டோன்மென்ட்டில் ஏறினேன். அக்காவுக்கு என்னவோ கேட்டாள், அவர் சொல்லிவிட்டார். என் முறை வந்தது. போனைப் பார்த்தால் அதே வளைவு, அதே தெருமுனை, அதே புள்ளி. முழு ஊரையும் மனப்பாடம் செய்துகொண்டு வந்தவளிடம் பழைய கேள்வியையே கேட்கிறாள்.

"பேக்கரி" என்றேன். "டீ நல்லா இருக்காது. கல்லாவுல ஒரு அம்மா உக்காந்திருப்பாங்க. எந்த ஊருன்னு கேப்பாங்க."

அந்தப் பெண் நின்ற இடத்திலேயே துள்ளிக் குதித்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சீட்டிலிருந்த பையை எடுத்துக்கொண்டு, என் தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்துவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நிற்கப்போகிற ஒருத்தி இவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

"சீட்டு போயும் இன்னாத்துக்குச் சிரிக்கறா?" என்று அக்காவைக் கேட்டேன்.

"ஏன் சிரிக்க மாட்டா? உன்ன ஒக்கார வெக்கத்தானே இத்தினி பாடு. சும்மா குடுத்தா வாணான்ற. ஜெயிச்சா ஒக்காருவன்னுதான் ராத்திரியெல்லாம் மேப்புல பேர அழிச்சிகினு வந்தா. ஊரைப் பத்திக் கேட்டா நீ டக்குனு சொல்லிடுவன்னு நாந்தான் சொன்னேன்." அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "உனக்கு நம்ம ஊரே தெரியாதுன்னு நாங்க இன்னாத்தக் கண்டோம்?"

எழுந்துவிட வேண்டும் போல இருந்தது. கால் கேட்கவில்லை. நிமிர்ந்து அந்தப் பெண்ணைப் பார்த்தேன். பையை முன்னால் மாட்டிக்கொண்டு, கூட்டத்தில் இடிபட்டுக்கொண்டு, நாள் முழுக்க கம்ப்யூட்டரைப் பார்த்துச் சிவந்த கண்களோடு நின்றாள். பாவம் என்று நினைத்தேன். நினைத்த பிறகுதான் என்ன சொல்லை நினைத்தேன் என்று உறைத்தது.

அவள் என் பக்கம் குனிந்தாள்.

"நாளைக்கும் இதையேதான் கேப்பேன்க்கா. மறந்துறாதீங்க."

மறக்க மாட்டேன் என்றேன். கிருஷ்ணராஜபுரம் வருவதற்குள் தூங்கிப்போனேன்.