வாங்க என்று கேட்காத போட்டோ

இன்றைக்கு ஒரு வெப்சைட்டைத் திறந்தால் போதும், ஏதாவது ஒன்று எகிறிக் குதித்து முகத்தில் அறைகிறது. எரிச்சலாக வருகிறது. தொண்ணூற்றொன்பதில் எங்களுக்கு மவுஸ் பட்டு ஒரு படம் மாறினாலே தலைகால் புரியாது.

கோயமுத்தூர் காந்திபுரத்தில் ஒரு மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில்தான் வெப் டிசைனிங் படித்தேன். பல்லடத்திலிருந்து தினமும் பஸ். செருப்பைப் படியிலேயே விட்டுவிட்டுத்தான் ஏசி அறைக்குள் போக வேண்டும். கோயிலுக்குள்கூட நான் அவ்வளவு பயபக்தியோடு போனதில்லை. நெட் கிடைப்பதற்கு முன்னால் மோடம் கீச்சுக் கீச்சென்று கத்தும். அந்தக் கத்தலை இன்னொரு தடவை கேட்க மாட்டோமா என்று இப்போது ஏக்கமாக இருக்கிறது.

ஜாவாஸ்கிரிப்டில் முதல் பாடம் இதுதான்: பக்கத்தில் இருக்கிற படமும் பட்டனும் சும்மா கிடக்கும். பார்க்கிறவர் ஏதாவது செய்தால்தான் அதற்கு உயிர் வரும். மவுஸ் மேலே வந்தால் என்ன நடக்க வேண்டும், விலகினால் என்ன, அழுத்தினால் என்ன என்று நாம் முன்கூட்டியே எழுதி வைத்துவிட வேண்டும். நடக்கிற அந்தச் சங்கதிக்கு ஈவென்ட் என்று பேர். முதன்முதலில் என் ரோஜாப் படம் சாமந்தியாக மாறியபோது நான் போட்ட கூச்சலில் பக்கத்து அறை டைப்பிங் கிளாஸ் நின்றுபோனது.

அந்தச் சமயத்தில்தான் அண்ணனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. வீட்டில் சந்தோசம் இருந்தது, கூடவே ஒரு முள்ளும் இருந்தது. எங்கள் கல்யாணங்களில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் உடன்பிறந்தவளை நிறுத்திச் செய்கிற சீர். எனக்கு ஒரே அக்காள், அண்ணனுக்கு அவள் தங்கச்சி. அவள் கூட வேலை பார்த்த கிறித்துவரைக் கட்டிக்கொண்டு மஸ்கட்டுக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து அப்பா அவள் பேரையே எடுப்பதில்லை. சீருக்குப் பெரியப்பா மகளை நிறுத்திக்கொள்ளலாம் என்று சொந்தத்தில் பேசி முடித்துவிட்டார்கள்.

அம்மா மட்டும் போனில் அக்காளைக் கெஞ்சினாள். அக்காளுக்கும் அப்பாவின் ரத்தம்தானே! "அப்பா வாயில வான்னு ஒரு வார்த்தை வந்தா வாரேன்மா. இல்லீன்னா எந்த மூஞ்சிய வெச்சுட்டு நான் அண்ணம்பக்கத்துல நிக்கறது?" என்று சொல்லிவிட்டாள்.

எங்கள் பக்கம் வந்தவரை வரவேற்பதை 'வாங்க என்று கேட்பது' என்போம். வீட்டுக்கு ஒருவர் வந்தால், ஒரே ஆள் கேட்டால் பத்தாது. வீட்டில் இருக்கிற ஒவ்வொருவரும் கேட்க வேண்டும். சமையலறையில் இருக்கிறவர் கரண்டியோடு எட்டிப் பார்த்தாவது கேட்க வேண்டும். ஒருவர் விட்டுவிட்டாலும், "அந்த ஊட்ல அவரு நம்மள வாங்கன்னுகூடக் கேக்கலீங்க" என்று வருசக்கணக்கில் சொல்லிக் காட்டுவார்கள்.

இதை வைத்துத்தான் நான் கல்யாணப் பக்கத்தைச் செய்தேன். வீட்டில் ஒவ்வொருவருக்கும் இரண்டு போட்டோ. ஒன்றில் சாதாரணமாக நிற்பது. இன்னொன்றில் கும்பிட்டபடி, கீழே 'வாங்க' என்று எழுதி. மவுஸ் மேலே வந்தால் முதல் படம் போய் இரண்டாவது வரும். நெட்டில் கல்யாணப் பத்திரிகை என்று ஊரே ஆச்சரியப்பட்டது. அது யாருக்காக என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அப்பாவுக்கும் தெரியும். ஒரு போட்டோவோடு எழுந்துவிட்டார்.

"அந்தப் பொட்டிக்குள்ள நின்னு நான் யாரைக் கும்புடோணும்? எனக்குத் தெரியும்டா, நீ யாருக்குக் காட்டப் போறீன்னு."

சரி, கிடக்கட்டும் என்று அவரை ஒற்றைப் படமாகவே போட்டுவிட்டேன்.

பட்டு எடுக்க டவுனுக்கு வந்த அன்று மாமா, அதான் அம்மாவின் தம்பி, அப்பாவை சென்டருக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். மாமாவே மவுஸைப் பிடித்து நகர்த்தினார். அம்மா கும்பிட்டாள். அண்ணன் கும்பிட்டான். நான் கும்பிட்டேன். அப்பா மேல் போனது, ஒன்றும் நடக்கவில்லை. மாமா திரும்பத் திரும்பக் கொண்டுபோனார். அப்பா போட்டோவில் அசையாமல் முறைத்துக்கொண்டு நின்றார். கம்ப்யூட்டருக்குத் தன் முறை வரட்டும் என்று பின்னால் நின்றிருந்த ஒருவர் சும்மா இருக்கக் கூடாதா?

"ஏனுங்க, ஊட்டுப் பெரியவரு மட்டும் வாங்கன்னு கேக்க மாட்டீங்கறாரு?" என்று கேட்டுச் சிரித்துவிட்டார்.

அப்பாவுக்கு முகம் கறுத்துவிட்டது. "டேய், நான் என்ன வந்தவங்களை வாங்கன்னு கேக்காத ஆளா? இப்படித்தான் உலகம் பூராக் காட்டுவியா?"

"நீங்கதானுங்கப்பா போட்டோவுக்கு மாட்டேன்னீங்க."

"இப்பச் சொல்றேன். போடு."

"பாக்கறவங்க எல்லாத்துக்குந்தானுங்களே? அக்காளும் பாக்குமுங்க."

அப்பா வேட்டியை இழுத்துச் சரி செய்தார். தொண்டையைச் செருமினார். "எல்லாத்துக்கும்னா எல்லாத்துக்குந்தான். தொணதொணங்காமப் போடு."

எனக்கு எகிறிக் குதிக்கலாம் போலிருந்தது. இன்னொரு போட்டோவுக்கு எங்கே போவது? புதிதாகப் படித்திருந்த ஒரு வித்தையை எடுத்தேன். மவுஸ் அவர் மேல் வந்தால், படம் அப்படியே நிற்கும், கீழே வெற்றிடத்தில் எழுத்து முளைக்கும். தமிழ் எழுத்து மஸ்கட்டில் கட்டம் கட்டமாய்த் தெரியும் என்று இங்கிலீஷ் எழுத்தில் 'வாங்க' போட்டேன். அப்பா தானே மவுஸை வாங்கி, முழங்கையோடு சேர்த்துத் தள்ளி, தன் மேல் கொண்டுபோனார். எழுத்து வந்தது. விலக்கினார், போனது. மறுபடி கொண்டுபோனார். எழுந்து படியிறங்கிப் போனார். அன்றைக்கே அந்தப் பக்கத்தின் முகவரியை மட்டும் அக்காளுக்கு மெயிலில் அனுப்பினேன்.

பதில் வந்தது. "தம்பி, எல்லாரும் கும்பிட்டீங்க, அழுதுட்டேன். அப்பா மேல வெச்சு வெச்சுப் பாத்தேன். அப்படியே நிக்கறார். பரவால்ல விடு. சீருக்குப் பெரியப்பா பொண்ணையே நிறுத்திக்கோங்க."

எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. என் கண்ணெதிரே வேலை செய்ததே! சென்டரில் மூலையில் இருந்த மிஷினில் வேறொரு பிரவுசர் கிடந்தது. அதில் திறந்து பார்த்தேன். எல்லோரும் கும்பிட்டார்கள், அப்பா மட்டும் ஊமையாக நின்றார். படத்தை மாற்றுகிற பழைய வித்தை இரண்டு பிரவுசரிலும் ஓடும். எழுத்தை முளைக்க வைக்கிற புது வித்தை ஒன்றில்தான் ஓடுமாம். அக்காள் ஆபீசில் இருந்தது அந்த இன்னொன்று. நாசமாய்ப் போக! பிரவுசர் செய்கிற இரண்டு கம்பெனிக்காரர்கள் அடித்துக்கொள்வதற்கு என் வீட்டுக் கல்யாணம்தானா கிடைத்தது?

சரிசெய்து திரும்ப அனுப்பலாம். ஆனால் அக்காள் நம்ப வேண்டுமே. பாவம் பார்த்துத் தம்பியே போட்டுவிட்டான் என்றுதான் நினைப்பாள். வேறு வழியில்லாமல் வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். வீட்டிலேயே அவர் ஓட்டுகிற விசைத்தறியின் சத்தத்தில் முதலில் அவருக்குக் கேட்கவில்லை. தறியை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"அப்ப நான் வாங்கன்னு கேட்டது அவளுக்குப் போய்ச் சேரவே இல்லியா?"

"இல்லீங்கப்பா."

"வாசல்ல வந்து நின்ன புள்ளையப் பாத்து, அப்பன் மூஞ்சியக்கூடத் திருப்பலீன்னுல்ல நெனச்சிருப்பா?"

சட்டையை மாட்டினார். பித்தான்கூடப் போடவில்லை. அவர் போகிற வேகத்துக்கு நான் ஓட வேண்டியிருந்தது. நேரே ஐஎஸ்டி பூத். கண்ணாடிக் கதவைச் சாத்தவும் இல்லை. நான் நம்பரை அழுத்தி ரிசீவரைக் கொடுத்தேன். மறுமுனையில் அக்காள் குரல் கேட்டதும் அவருக்கு வாய் கோணிக்கொண்டது. அப்புறம் தறிக்கு மேல் பேசுகிற குரலில் ஒரே கத்தாகக் கத்தினார்.

"நாங் கேட்டேன் கண்ணு! அந்தப் பொட்டியில நானும் கேட்டேன். உனக்குத்தான் வரலியாமா. இப்ப வாயாலயே சொல்றேன், வா கண்ணு. மாப்பிள்ளையவும் கூட்டிட்டு வா. நீ வரலீன்னா அவம்பக்கத்துல யாரு சாமி நிப்பா?"

அதற்கு மேல் அவரால் முடியவில்லை. ரிசீவரை என் கையில் திணித்துவிட்டு வெளியே போய் ரோட்டைப் பார்த்து நின்றுகொண்டார். நான் காதில் வைத்தேன். அக்காள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டாள்.

"டேய், சீருக்கு எனக்கு என்ன கலர்ல சேலை எடுத்திருக்கீங்க?"

அவளுக்கு யாரும் சேலையே எடுத்திருக்கவில்லை. அரக்கு என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு, அம்மாவை இழுத்துக்கொண்டு அப்போதே கோயமுத்தூருக்குப் பஸ் ஏறினேன்.