கடல்பாசிக் கணக்கில் மரகத நடராஜர் காட்டிய வழி

"இதெல்லாம் கடற்கரையில எடுத்த கணக்கா, இல்ல ஹாஸ்டல்ல உக்காந்து எழுதுனதாம்மா?"

2006 மார்கழியில என் பேராசிரியர் இப்படிக் கேட்டதும் எனக்கு உசுரே இல்ல. பொங்கல் லீவு முடியிறதுக்குள்ள விளக்கம் தரணும், இல்லாட்டி ஆய்வேட்டை வாங்க மாட்டேன்னுட்டாரு.

நாங்க அபிராமத்துப் பக்கம் மிளகாய் போடுற குடும்பம். நான் மதுரையில படிச்சேன். உணவு, சுற்றுச்சூழல் பிரச்சினைகளைக் கணக்கும் கம்ப்யூட்டரும் வச்சு ஆராயுற பொருளாதாரப் படிப்பு. ஏர்வாடிப் பக்கம் பொம்பளைங்க முங்கி எடுக்கிற கடல்பாசி குறைஞ்சுக்கிட்டே போகுதாங்கிறதுதான் என் கேள்வி. சிவனுக்கு உகந்த நாளாச்சேன்னு திங்கக்கிழமை தவறாமப் போய், ஒரு வருசம் எடை குறிச்சேன். ஒரு வாரம் சாக்குச் சாக்கா பாசி கிடக்கும். இன்னொரு வாரம் கரையில ஒதுங்குனதைப் பொறுக்கிக்கிட்டு ரெண்டு பேர் நிப்பாங்க. கம்ப்யூட்டர்ல போட்டா மலையும் மடுவுமா வருது. யாரு நம்புவா?

எனக்கே காரணம் தெரியல. ஃபெயிலானாக்கூடத் தாங்கிக்குவேன். பொய்க்காரின்னு பேர் எடுக்கவா படிச்சேன்? வீட்டுல அய்யாகிட்டச் சொல்லவும் பயம்.

உத்தரகோசமங்கையில மரகத நடராஜருக்குச் சந்தனம் களையிற நாள் வந்துச்சு. வருசம் பூராச் சந்தனக்காப்புல இருக்கிறவருக்கு ஒருநாள் மட்டும்தான் அந்தத் தரிசனம். வரிசையில நின்னு வாய்விட்டு அழுதேன். "அப்பனே, நான் பொய் எழுதலன்னு உனக்குத் தெரியும். அதை அவருக்கு நீதான் சொல்லணும்."

முன்னால நின்னவங்க திரும்புனாங்க. பார்த்தா, பாசி எடுக்கிற முனியம்மாக்கா! எடை போடும்போதெல்லாம் எனக்குத் தராசு பிடிச்சவங்க.

"ஏத்தா, நீயா? எதுக்கு இந்த அழுகை?"

"ஒண்ணுமில்லக்கா. நீங்க இன்னைக்குக் கடலுக்குப் போகலையா?"

"இன்னைக்கா? பவுர்ணமி கழியட்டும். பவுர்ணமி கழிஞ்சு ஆறு நாள், அமாவாசை கழிஞ்சு ஆறு நாள். அப்பத்தான் நீர் நல்லா வத்தும், முங்குவோம். மத்த நாள் பாசி வளர வேணாமா?"

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போச்சு. ஒரு வருசமா எடையைக் கேட்டேன், விலையைக் கேட்டேன், நாளைக் கேட்கல. படிச்சவங்கிற மிதப்பு!

"இதை ஏங்க்கா முன்னமே சொல்லல?"

"நீ கேட்டாத்தானத்தா சொல்ல? திங்கக்கிழமை விரதக்காரி போலன்னு விட்டுட்டோம்."

அழுத கண்ணோட சிரிச்சுட்டேன். தரிசனம் முடிச்சு வீட்டுக்கு வந்து பஞ்சாங்கத்தை எடுத்தேன். ஒவ்வொரு திங்களுக்கும் நேரா அன்னைக்கு என்ன பிறைன்னு குறிச்சேன். கம்ப்யூட்டர்ல போட்டா, பாசி ஏறுறதும் இறங்குறதும் நிலாவோட ஒட்டியே போகுது. முங்குற நாளை மட்டும் பிரிச்சுப் பார்த்தா பாசி குறையவே இல்ல. கொண்டுபோய்க் காட்டினதும் பேராசிரியர் ஒவ்வொரு தேதியா ஒத்துப் பார்த்தாரு. "அவசரப்பட்டுட்டேன், மன்னிச்சிரும்மா"ன்னு ஆய்வேட்டை வாங்கிக்கிட்டாரு.

பள்ளிக்கூடம் போகாத பொம்பளைங்க, யாரும் சொல்லிக் கொடுக்காமலே கடலுக்கு ஓய்வு விடுறாங்க. அந்தக் கைகளைக் கும்பிடணும் போல இருக்கு.

மூணு வருசமாச்சு. இப்ப எனக்கு இதேதான் வேலை. எந்த ஊருக்குக் கணக்கெடுக்கப் போனாலும், "நான் கேட்க மறந்தது என்ன?"ன்னு கேட்காம எந்திரிக்க மாட்டேன்.

அடியார்களே, இடிஞ்சுபோய் உக்காந்திராதீங்க. அப்பன்கிட்ட வாய்விட்டுக் கேளுங்க. நான் கேட்கிறதுக்கு முன்னமே, பதிலை எனக்கு முன்னால வரிசையில நிறுத்தி வச்சிருந்தான்.