பெயர் வேண்டாம் என்றார்கள்

தாம்பரத்தில் பதினொன்றாம் வகுப்பு படித்தபோது, ஒரு நாள் எங்கள் வகுப்பு மிஸ் ஆளுக்கொரு தாள் கொடுத்தார். வளரிளம் வயதுப் பிள்ளைகளின் உடல்நலம் பற்றிய கேள்விகள். சிகரெட், ஹெல்மெட் இல்லாத பைக், தூக்கம், சாப்பாடு என்று இரண்டு பக்கம்.

"பேர் எழுத வேணாம். யார் என்ன எழுதினீங்கன்னு எனக்கே தெரியாது. உண்மையை எழுதுங்க, போதும்" என்றார்.

எனக்கு அந்த மிஸ்ஸை ரொம்பப் பிடிக்கும். அதனால்தான் எழுதினேன். 'வேண்டுமென்றே சாப்பாட்டைத் தவிர்த்தது உண்டா?' என்ற கேள்விக்கு 'ஆம்' என்று டிக் அடித்ததோடு நின்றிருக்கலாம். கீழே நாலு கோடு காலியாக இருந்தது. யூனிஃபார்முக்கு அளவெடுத்தவர் என் இடுப்பளவைச் சத்தமாகச் சொன்னதையும், வரிசையில் நின்றவர்கள் சிரித்ததையும் எழுதினேன். அன்றிலிருந்து நாலு மாதமாக மதியச் சாப்பாட்டை சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் நாய்களுக்குப் போட்டுவிடுவதையும் எழுதினேன். யாரிடமும் சொல்லாதது. எழுதி முடித்ததும் மனசு லேசாக இருந்தது.

மூன்றாம் நாள் அம்மாவைப் பள்ளிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். மேஜைமேல் என் தாள் இருந்தது. வருஷம் முழுக்க என் நோட்டைத் திருத்துகிறவருக்கு என் கையெழுத்து தெரியாதா? அது எனக்குத் தோன்றவே இல்லை.

அம்மா அதை இரண்டு முறை படித்தாள். பீர்க்கன்கரணையிலிருந்து நான் ஏழு மணி பஸ்ஸைப் பிடிப்பதற்காக ஐந்து மணிக்கே எழுந்து சமைத்துவிட்டு, தானும் வேலைக்கு ஓடுகிறவள்.

"நாலு மாசமா நான் யாருக்குடி சமைச்சேன்?" என்றாள்.

மறுநாள் கிரவுண்டில் பி.டி. சார் எல்லார் முன்னாலும் கேட்டார். "இன்னாம்மா, இன்னிக்காவது துன்னியா, இல்ல நாய்க்குத்தானா?"

பிள்ளைகள் சிரித்தார்கள். என் தாள் ஸ்டாஃப் ரூம் முழுக்கச் சுற்றியிருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

நேராக மிஸ்ஸிடம் போனேன்.

"பேர் வேணாம்னு சொன்னீங்களே மிஸ்?"

"உன் நல்லதுக்குத்தாம்மா செஞ்சேன். உனக்கு ஏதாவது ஆயிருந்தா?"

"அம்மாகிட்ட சொன்னீங்க, சரி. அதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. பி.டி. சாருக்கு எப்படித் தெரியும்?"

அவர் நோட்டுகளை அடுக்க ஆரம்பித்தார். "பெல் அடிச்சாச்சு, கிளாஸுக்குப் போ."

அடுத்த வாரம் அம்மா என்னை ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனாள். அந்த டாக்டரம்மா என் அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, கதவைச் சாத்தினார்.

"மனசுல இருக்கறத சொல்லும்மா. இந்த ரூமைத் தாண்டிப் போகாது."

நான் அவர் கையிலிருந்த பேனாவையே பார்த்தேன்.

"இப்போ ஒழுங்கா சாப்பிடறேன் டாக்டர்."

வீட்டில் அம்மா எதிரே உட்கார்ந்து பார்க்க, ராத்திரி முழுசாகச் சாப்பிட்டேன். மதியச் சாப்பாட்டை மட்டும் முன்னைவிடக் கவனமாகக் கொட்டினேன்.

அந்த டாக்டர் நல்லவர், சொன்ன சொல்லைக் காப்பாற்றக்கூடியவர். அவரிடம் உண்மையைச் சொல்ல எனக்கு இன்னும் ஒரு வருஷம் ஆனது. அதற்குள் ஒரு நாள் மின்சார ரயிலில் மயங்கி விழுந்து, முன்பல் ஒன்று பாதி உடைந்திருந்தது.