மலையிலிருந்து யாரும் இறங்காத புதன்கிழமை

நாங்கள் குடியேறியபோது அந்த ஊருக்குப் பெயர் இல்லை. கொல்லிமலைக்குக் கீழே வண்டித்தடம் போய் முடிகிற இடம், அவ்வளவுதான். அதற்கு மேல் தலைச்சுமையோடு ஏறுகிற ஒற்றையடிப் பாதை. சமவெளிக்காரர்கள் அதை அடிவாரம் என்றார்கள். மலைக்காரர்கள் கீழ்க்கடை என்றார்கள். இரண்டாம் உலகப் போருக்குச் சில வருடங்கள் முந்திய காலம் அது.

புதுச்சத்திரத்துப் பக்கம் எங்களுக்கு ஒரு மேட்டுக்காடு இருந்தது. இரண்டு வருடம் சேர்ந்தாற்போல் கிணறு வற்றியதும், என் வீட்டுக்காரர் வண்டியில் உப்பு மூட்டையும் கருவாட்டுக் கூடையும் ஏற்றிக்கொண்டு அங்கே போனார். மூன்று மாதம் கழித்து என்னையும் கைக்குழந்தையாக இருந்த மகளையும் கூட்டிப்போனார். ஏழு குடிசைகள் இருந்தன. இரண்டு வருடத்தில் அவை முப்பதுக்கு மேல் ஆயின. ஆனாலும் ஒருவர்கூட ஓடு வேயவில்லை. எல்லாம் ஓலைதான். நாளைக்கே மலைக்காரர்கள் வேறு பாதையில் இறங்கி நாமகிரிப்பேட்டைக்குப் போக ஆரம்பித்தால் நாம் இங்கே என்ன செய்வது என்ற பயம் ஒவ்வொரு வீட்டிலும் இருந்தது. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள்.

முதலில் வந்து குடியேறியவர் புளி மண்டிக்காரர். அவர்தான் சுற்று ஊர்களில் தமுக்கடித்துப் புதன்கிழமைச் சந்தையை உண்டாக்கினார். மலையிலிருந்து சாமையும் தேனும் புளியும் பலாப்பழமும் வரும். கீழேயிருந்து உப்பு, வெல்லம், புகையிலை, ஜலகண்டாபுரத்துச் சேலைகள் போகும். ஒவ்வொரு சந்தை முடிந்ததும் மண்டிக்காரர் கடைகடையாக வந்து ஒரே வார்த்தையைச் சொல்லுவார்.

"இந்த ஊரப் பத்தி ஒரு கெட்ட பேச்சு வெளிய போகக்கூடாது. போச்சுன்னா அடுத்த பொதன் இங்க ஆளிருக்காது, பார்த்துக்குங்க."

எனக்கு அந்த ஊரில் மனசுக்குப் பிடித்தவள் ஒரு மலைக்காரி. என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவளுடைய ஊர் பாதையில் ஏறினால் முதலில் வருவது, இரண்டு நாழிகை நடை. எட்டு மாதப் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு, தேன் குடுவையும் சாமை மூட்டையுமாக இறங்குவாள். வந்ததும் பையனைக் கடைக்குப் பின்னாலிருந்த எங்கள் வீட்டுக்குள் பாயில் கிடத்திவிட்டுச் சந்தையைச் சுற்றப் போவாள். நான் கடையையும் பார்த்துக்கொண்டு அவனையும் பார்த்துக்கொள்வேன்.

ஐப்பசி மாதத்துப் புதன்கிழமை ஒன்று. காலையிலிருந்தே என் மகளுக்கு உடம்பு சுட்டது. வயது இரண்டரை. வெயிலில் விளையாடியதுதான் என்று நினைத்துப் பாயில் படுக்கவைத்திருந்தேன். அக்கா வழக்கம்போல வந்து பையனை அதே பாயில் விட்டாள்.

"பாப்பாளுக்கு என்ன, மொகம் வாடிக் கெடக்குது?"

"சூடுங்க அக்கா. நாளைக்குச் செரியாப் போயிரும்."

இரண்டும் முகத்தோடு முகம் வைத்துத் தூங்கின. மத்தியானம் நான் எட்டிப்பார்த்தபோது என் மகளுடைய கை அவன் கன்னத்தின்மேல் கிடந்தது.

வெள்ளிக்கிழமை காலை மகளுக்கு முகம் கழுவிவிடும்போது நெற்றியில் சிவப்பாக நாலைந்து தெரிந்தன. கையை விரித்துப் பார்த்தேன். உள்ளங்கையிலும் இருந்தன. சிறுவயதில் எனக்கே வந்து தழும்பு விட்டுப்போனதால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். அவர் குனிந்து பார்த்தார். பிறகு எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"அம்மா வார்த்திருக்குதுங்க."

"தெரியுது. மெதுவாப் பேசு."

"வாசல்ல வேப்பல கட்டோணுமுங்க."

"கட்டுனா என்னாகும், தெரியுமா? பொழுது சாயறதுக்குள்ள இந்த ஊருல பாதி காலியாயிரும். மண்டிக்காரரு நம்மள அடிச்சுத் தொரத்துவாரு. போறதுக்கு எங்க எடமிருக்குது? நம்ம மேட்டுக்காட்டுல கெணறு வத்திக் கெடக்குது."

"அந்த மலைக்கார அக்கா கொழந்த இதே பாயில..."

"அதுக்கு ஒண்ணும் ஆகாது," என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் கட்டவில்லை. அவர் தடுத்தார் என்று மட்டும் சொன்னால் அது பொய். எனக்கும் பயம். வேப்பங்கொத்தை மடியில் வைத்து, மேலே கொஞ்சம் கீரையைப் பரப்பி மறைத்து வீட்டுக்குள் கொண்டுவந்தேன். வாசலில் கட்ட வேண்டியதை உள்ளே மகளுடைய தலைமாட்டில் வைத்தேன். அந்த ஊரில் மாரியம்மனுக்கு ஒரு கல்கூட நட்டிருக்கவில்லை. யாருடைய ஊர் அம்மனைக் கொண்டுவருவது என்பதில் ஒத்துவராமல் அது தள்ளிக்கொண்டே போயிற்று. அதனால்தான் அம்மன் என் வீட்டுக்குள் நேராக வந்துவிட்டாள் என்று அப்போது நம்பினேன். வந்தவளையும் நான் ஒளித்துவைக்கிறேனே என்று நடுங்கினேன்.

அடுத்த வீட்டில் ஒரு பலகாரக்காரி இருந்தாள். புருஷன் இல்லாதவள். வெள்ளையான மனசு. ஞாயிற்றுக்கிழமை வெல்லம் போட்டுச் சுட்ட கச்சாயம் ஒன்றை இலையில் வைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

"பாப்பாளக் கண்ணுலயே காணமே, எங்க?"

"எங்க மாமியா ஊட்டுக்கு அனுப்பிட்டனுங்க."

சொல்லி வாய் மூடவில்லை, உள்ளே மகள் முனகினாள். நான் கையிலிருந்த சொம்பைக் கல்லின்மேல் நழுவவிட்டேன். அது உருண்டு சத்தம் போட்டது. குனிந்து எடுத்தேன், மறுபடியும் நழுவவிட்டேன். பலகாரக்காரி சிரித்தாள்.

"கையில பலமே இல்லயாட்ட இருக்குது. இத நீயே தின்னு."

இலையை என் கையில் கொடுக்க வந்தபோது அவள் விரல் என் விரலில் பட்டது. அவள் போன பிறகு அந்தக் கச்சாயத்தை என்னால் தின்ன முடியவில்லை.

அந்த வாரம் முழுவதும் நான் இரண்டு பேருக்காகப் பயந்துகொண்டிருந்தேன். கண்முன்னால் கிடந்தவள் ஒருத்தி. முத்துக்கள் நிரம்பி முகம் வீங்கி, கண் திறக்க முடியாமல், தண்ணீருக்கு மட்டும் உதட்டை அசைப்பாள். இன்னொருவன் மேலே இருந்தான். அவன் எப்படி இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. உப்பு அளக்கும்போதுகூடக் கண் பாதைப் பக்கமே போகும்.

அடுத்த புதன்கிழமை வந்தது. விடிவதற்குள் சமவெளி வண்டிகள் வந்து நின்றுவிட்டன. சேலை மூட்டைகளை அவிழ்த்துப் பரப்பினார்கள். பலகாரக்காரி அடுப்பு மூட்டினாள். வழக்கமாகப் பனி விலகும்போதே பாதையின் வளைவில் முதல் தலைச்சுமை தெரியும். அன்று தெரியவில்லை. வெயில் ஏறியது. வியாபாரிகள் பேச்சை நிறுத்திவிட்டு ஒருவர் பின் ஒருவராக எழுந்து மலையைப் பார்த்து நின்றார்கள். மாடுகள் வாலைச் சுழற்றுகிற சத்தம்கூடக் கேட்டது. உச்சிப்பொழுது வரை ஒரு ஆள் இறங்கவில்லை.

மண்டிக்காரர் இரண்டு பேரை மேலே அனுப்பினார். அவர்கள் வேர்க்க விறுவிறுக்கத் திரும்பிவந்தார்கள்.

"பாதையில முள்ளு வெட்டிப் போட்டிருக்கறாங்க. அந்தப் பக்கம் நாலு ஆளு கம்போட நிக்கறாங்க. எதுக்குன்னு கேட்டா வாயே தொறக்க மாட்டேங்கறாங்க."

"நோயி வந்தாத்தான் பாதைக்கு முள்ளுப் போடுவாங்க," என்றான் ஒரு வண்டிக்காரன். "மேல எவனுக்கோ என்னமோ வந்திருக்குது."

கடைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். எதிரே நின்ற என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். அவருக்கும் அதே எண்ணம்தான் என்று தெரிந்தது. சாயங்காலம் வண்டிகள் ஏற்றிவந்ததையே திரும்ப ஏற்றிக்கொண்டு போயின.

வியாழக்கிழமை காலை மகள் கண்ணைத் திறந்து கஞ்சி கேட்டாள். முத்துக்கள் காய ஆரம்பித்திருந்தன. பிழைத்துக்கொள்வாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த நிமிஷமே மற்ற குழந்தையின் நினைப்பு தாங்க முடியாமல் போயிற்று.

"நான் மேல போய்ச் சொல்லீட்டு வாரேனுங்க."

"சொன்னா இங்க நாம குடியிருக்க முடியாது."

"அதுக்கு எட்டு மாசமுங்க."

அவர் வேப்பங்கொத்தை எடுத்து மகளுக்கு விசிற ஆரம்பித்தார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, விற்பனைக்கு வைத்திருந்த, கட்டுப் பிரிக்காத மூட்டையிலிருந்து ஒரு புதுச் சேலையை உருவிக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். வீட்டுத் துணியோடு போகக்கூடாது என்ற அளவுக்குத்தான் எனக்குத் தெரிந்திருந்தது.

முள்வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கும்பிட்டேன். காவலுக்கு நின்றவர்களில் ஒருவர் என்னை அடையாளம் கண்டு ஊருக்குள் போனார். நான் நின்ற நேரம் எவ்வளவு என்று தெரியாது. அக்கா வந்தாள். இடுப்பில் பையன். தாயின் பாசிமணியைக் கடித்துக்கொண்டு, என்னைப் பார்த்ததும் கையை நீட்டிச் சிரித்தான். முகத்தில் ஒரு புள்ளி இல்லை.

எனக்கு அழுகை வந்துவிட்டது.

"எதுக்கு அழுவற?" என்றாள் அக்கா. "உங்க மேல கோவமில்ல. மலைக்கு ரோடு போடப் போறாங்க, எங்க ஆம்பளைங்களப் புடிச்சுட்டுப் போயி கல்லொடைக்க விடுவாங்கன்னு உங்க வண்டிக்காரன் ஒருத்தன் சொன்னானாம். அதான் பெரியவங்க பாதய அடச்சுட்டாங்க. ரெண்டு வாரம் பார்த்துட்டுத் தொறந்துருவாங்க."

காரணம் நான் இல்லை. நோயும் இல்லை. அப்படியே திரும்பிப் போயிருக்கலாம். பையன் சிரித்துக்கொண்டிருக்கிறான், ஒரு வாரம் ஆகிவிட்டது, இனி வராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஊரும் பிழைக்கும், நாங்களும் பிழைப்போம். ஆனால் அம்மை ஒருவரிடமிருந்து ஒருவருக்கு வர இரண்டு வாரம்கூட ஆகும் என்று என் தாய் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

"அக்கா, என்ற மகளுக்கு அம்மா வார்த்திருக்குது. போன வாரம் நீங்க வந்தன்னிக்குச் சுட்டுதே, அது அதுதான். உங்க பையன் அவகூட ஒரே பாயில படுத்திருந்தான்."

அவள் பையனுடைய கையைப் பிடித்து இழுத்துத் தன்னோடு சேர்த்துக்கொண்டாள். இரண்டடி பின்னால் நகர்ந்தாள்.

"எப்பத் தெரிஞ்சுது?"

"வெள்ளிக்கெழம."

"இன்னிக்கு வியாழக்கெழம," என்றாள்.

காவல்காரர்களில் ஒருவர் கம்பை ஓங்கினார். அக்கா திரும்பி அவரைப் பார்த்துத் தலையசைத்தாள். பிறகு என்னிடம் தணிந்த குரலில், "போற வழியில செடி கொடி எதயும் தொடாமப் போ," என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

கீழே வந்ததும் வேப்பங்கொத்தை எடுத்து வாசலில் கட்டினேன். அரை நாழிகையில் ஊருக்கே தெரிந்துவிட்டது. மலைக்குப் போய்ச் சொன்னதையும் கேட்டவர்களிடம் நான் மறைக்கவில்லை. மண்டிக்காரர் வந்து தெருவின் எதிர் ஓரத்தில் நின்று கத்தினார்.

"ஒளிச்சதுதான் ஒளிச்ச, கடசீ வரைக்கும் ஒளிச்சுத் தொலைஞ்சிருக்கலாம்ல! மலைக்குப் போயி நீயே வாயத் தொறந்துட்டு வந்திருக்கற. ஒருத்தியா நின்னு ஒரு ஊர அழிச்சுட்ட!"

அந்த வாரத்துக்குள் பதினோரு வீட்டார் சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஊர்க் கிணற்றில் நாங்கள் தண்ணீர் இறைக்கிற முறையை நிறுத்தினார்கள். என் வீட்டுக்காரர் தூரத்து ஓடையிலிருந்து தண்ணீர் சுமந்தார். என்னிடம் ஒரு வார்த்தை கோபமாகச் சொல்லவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

பத்து நாள் கழித்துப் பலகாரக்காரிக்கு அம்மை வந்தது. வந்து தீர்ந்தவள் நான் ஒருத்திதான் பக்கத்தில் இருந்தேன், அதனால் நானே அவளைப் பார்த்துக்கொண்டேன். மோர் கொடுத்தேன், படுக்கையை மாற்றினேன். பிழைத்தாள். ஆனால் ஒரு கண்ணில் பூ விழுந்துவிட்டது. அந்தச் சொம்பு விழுந்த நாளைப் பற்றி அவள் என்னிடம் கேட்கவே இல்லை. கேட்டுவிட மாட்டாளா என்று எத்தனையோ நாள் அவள் எதிரில் போய் உட்கார்ந்திருக்கிறேன்.

மலைப்பாதை திறக்கவில்லை. ஐந்து புதன், ஆறு புதன் என்று போயிற்று. சந்தைத் திடலில் புல் முளைத்தது. அம்மை குத்துகிற சர்க்கார் ஆள் ஒருவர் கட்டைவண்டியில் வந்து, மிச்சமிருந்தவர்கள் எல்லாருக்கும் கையில் குத்திவிட்டுப் போனார். மேலே போக முடியாது என்று அவரும் திரும்பிவிட்டார். அந்தப் பையனைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. சாப்பிட உட்கார்ந்தால் அவன் சிரிப்பு ஞாபகம் வரும், எழுந்துவிடுவேன்.

தை பிறந்து இரண்டாவது புதன்கிழமை ஆண்கள் நாலு பேர் புளியோடு இறங்கினார்கள். மண்டிக்காரர் ஓடிப்போய் வரவேற்றார். அடுத்த வாரம் பெண்களும் வந்தார்கள். அக்காவும் வந்தாள். தலையில் மூட்டை. இடுப்பு வெறுமையாக இருந்தது.

நான் கடையைப் போட்டுவிட்டு ஓடினேன். அவள் இடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவளே என்னைப் பார்த்தாள்.

"இருக்கறான்," என்றாள். "நீ வந்துட்டுப் போன நாலா நாளு அவனுக்கு ஒடம்பு காஞ்சுது. அவனத் தூக்கிட்டுக் காட்டுக் குடிசைக்குப் போயிட்டேன். ஒண்ணர மாசம் ரெண்டு பேருமே தனியாக் கெடந்தோம். சோத்த தூரத்துல வெச்சுட்டுப் போவாங்க. மூஞ்சியெல்லாம் தழும்பு. எங்க ஊருல வேற யாருக்கும் வல்ல."

நான் அவள் கையைப் பிடிக்கப் போனேன். அவள் மூட்டையை இறக்குகிற சாக்கில் கையை விலக்கிக்கொண்டாள்.

"நீ வந்து சொல்லீருக்காட்டி ஊரே போயிருக்கும்னு பெரியவங்க சொன்னாங்க. அது நெசந்தான்," என்றாள். பிறகு, "வெள்ளிக்கெழமயே வந்திருக்கலாம்ல?" என்றாள்.

அன்று உப்பை எதிர்க்கடையில் வாங்கினாள். மூன்று வருடம் அப்படித்தான். அதற்குப் பிறகு ஒரு மழைநாளில் எங்கள் கடையில் ஒதுங்கி, இரண்டு படி உப்பு கேட்டாள். அளந்து கொடுத்தேன். மழையைப் பற்றிப் பேசிக்கொண்டோம்.

ஊர் மறுபடியும் வளர்ந்தது. போனவர்களில் பாதிப்பேர் திரும்பிவந்தார்கள். போர்க்காலத்தில் எழுபது வீடு. முதல் ஓட்டு வீடு மண்டிக்காரருடையது. மலைக்குப் போய் உண்மையைச் சொல்லிவந்தவள் என்று பிற்காலத்தில் என்னைப் புது மருமகள்களுக்குக் காட்டுவார்கள். மண்டிக்காரரே அப்படிப் பெருமையாகச் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். நான் மறுத்ததில்லை, தலையைக் குனிந்துகொள்வேன். அடக்கம் என்று நினைத்துக்கொள்வார்கள். வெள்ளிக்கிழமைக்கும் வியாழக்கிழமைக்கும் நடுவில் இருந்த நாட்களை அக்காவைத் தவிர யாரும் என்னிடம் கேட்டதில்லை.